பவளப் பாம்புக் கடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளப் பாம்பு என்பது எந்தப் பாம்பு?

ஒரே ஒரு பாம்பு இல்லை, ஒரு பெரிய கூட்டம். நாகம், கட்டுவிரியன், கடல் பாம்பு எல்லாம் இருக்கும் எலாப்பிடே குடும்பத்தில்தான் இவையும் வருகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் உள்ளவை பெரும்பாலும் மைக்ரூரஸ் என்ற பேரினம். அதில் மட்டும் 80 இனங்களுக்கு மேல் உண்டு. வடக்கே வட கரோலினாவில் தொடங்கி தெற்கே அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. அரிசோனா, நியூ மெக்சிகோ, மெக்சிகோவின் சொனோரா பக்கம் மைக்ரூராய்டெஸ் என்ற சிறிய வகை ஒன்று தனியாக இருக்கிறது. ஆசியாவில் காலியோஃபிஸ், சைனோமைக்ரூரஸ் என்று வேறு பேரினங்கள்.

ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில பாம்புகளுக்குப் ‘பவளம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவை நெருங்கிய சொந்தம் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். கடிபட்டவர்களைப் பற்றிய மருத்துவ அனுபவம் அதிகம் இருப்பது மைக்ரூரஸ் விஷயத்தில்தான். அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

பார்த்தால் தெரிந்துகொள்ள முடியுமா?

அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் கிழக்குப் பவளப் பாம்பை (மைக்ரூரஸ் ஃபல்வியஸ்) எடுத்துக்கொள்வோம். நீளம் பெரும்பாலும் 50 முதல் 75 செ.மீ.; பருமன் ஒரு விரல் அளவு. மூக்கு நுனி கறுப்பு, அதற்குப் பின்னால் தலையைச் சுற்றி அகலமான மஞ்சள் பட்டை, அப்புறம் உடல் முழுக்க சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள். வளையங்கள் வயிற்றுப் பக்கமும் சுற்றி வரும். கழுத்து எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரே சீரான உடல். கண் மிகச் சிறியது. விஷப் பாம்பு என்றால் முக்கோணத் தலை இருக்கும் என்று நம்புகிறவர்களை இந்தப் பாம்பு நன்றாக ஏமாற்றும்.

எல்லா இனங்களும் இப்படி இல்லை. தெற்கே போகப்போக நிறம், வரிசை, வளையத்தின் அகலம் எல்லாம் மாறும். சிவப்பே இல்லாதவை உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வருபவை உண்டு. சிலவற்றின் நீளம் ஒன்றரை மீட்டரைத் தொடும். அமேசான் பகுதியில் மைக்ரூரஸ் சூரினமென்சிஸ் என்ற இனம் தண்ணீரில் வாழ்ந்து மீன் பிடித்துத் தின்கிறது.

‘சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தால் ஆபத்தில்லை’ என்கிறார்களே?

அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லித் தருவார்கள். அந்த நாட்டுக்குள், வழக்கமான நிறத்தில் இருக்கும் பாம்புக்கு அது பெரும்பாலும் சரியாக வரும். சிக்கல் ‘வழக்கமான’ என்ற இடத்தில் இருக்கிறது. நிறமி குறைந்தோ கூடியோ பிறக்கும் பவளப் பாம்புகள் அங்கேயே உண்டு. மெக்சிகோவைத் தாண்டினால் பாட்டு அடியோடு உதவாது: தென் அமெரிக்காவின் பல இனங்களில் சிவப்பும் கறுப்பும்தான் ஒட்டியிருக்கும். பாட்டை நம்பினால் அவை ‘ஆபத்தில்லாதவை’ ஆகிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், இந்தப் பாட்டால் கெட்டதே அதிகம். பாம்பைக் கையில் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது என்ற எண்ணத்தையே அது கொடுக்கிறது. பதற்றத்தில் அடிகள் மாறிப்போகும் என்பது தனிக் கதை.

விஷமில்லாத பாம்புகள் ஏன் இதே நிறத்தில் இருக்கின்றன?

பவளப் பாம்பைப் போலத் தோற்றம் காட்டித் தப்பிக்கின்றன. அமெரிக்காவில் கருஞ்சிவப்பு கிங் பாம்பு, பால் பாம்பு எனப்படும் மில்க் ஸ்னேக். தெற்கே எரித்ரோலாம்ப்ரஸ், ஆக்சிரோபஸ் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில கொஞ்சம் விஷம் உள்ளவையும்கூட, ஆனால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை.

இந்த வேஷம் உண்மையிலேயே பலிக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். 1970களில் கோஸ்டா ரிகாவில், முட்டையிலிருந்து பொரிந்தது முதல் மனிதர் வளர்த்த மோட்மோட் பறவைக் குஞ்சுகள் முன்னால் வர்ணம் பூசிய குச்சிகளை வைத்துப் பார்த்தார்கள். பாம்பையே பார்த்திராத அந்தக் குஞ்சுகள் சிவப்பும் மஞ்சளும் வளையமாக இருந்த குச்சியைக் கண்டு விலகின. பச்சை, நீல வளையங்களைப் பொருட்படுத்தாமல் கொத்தின. பின்னர் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், களிமண் போன்ற பொருளால் செய்த போலிப் பாம்புகளைக் காட்டில் போட்டு வைத்தார்கள். பவளப் பாம்பு வாழும் பகுதிகளில் வளையம் போட்ட போலிகளை விலங்குகள் தவிர்த்தன; பவளப் பாம்பே இல்லாத பகுதிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மருத்துவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கடிபட்டு வருபவர்களில் கணிசமானோர் ‘விஷமில்லாத பாம்பு என்று நினைத்து எடுத்தேன்’ என்றுதான் சொல்கிறார்கள். கடிவாய் பெரும்பாலும் விரலிலோ கையிலோதான் இருக்கும்.

தானாக வந்து கடிக்குமா?

துரத்திக் கடிக்கும் குணம் கிடையாது. சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்து வாழும் பிராணி. பல்லி, சிறு பாம்பு, புழுப்போல இருக்கும் நிலத்தடிப் பிராணிகள்தான் இரை. தொல்லை கொடுத்தால் தலையை உடலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டும், எதிரி வாலைத் தலை என்று நினைக்கட்டும் என்று. சொனோராப் பவளப் பாம்பு (மேலே சொன்ன மைக்ரூராய்டெஸ்) இன்னொரு படி மேலே: கழிவுத் துவாரத்திலிருந்து காற்றை வெளியேற்றி ‘டப், டப்’ என்று சத்தம் போடும்.

கையால் பிடித்தாலோ வெறுங்காலால் மிதித்தாலோ, சருகு வாரும்போது சேர்த்து அள்ளினாலோ கடிக்கும்.

வாய் சின்னது, மென்றால்தான் விஷம் ஏறும் என்பது உண்மையா?

பாதி உண்மை. விஷப்பல் மேல்தாடையின் முன்பக்கம் நிலையாக இருக்கும். விரியனைப் போல மடக்கி நீட்ட முடியாது, நீளமும் சில மில்லிமீட்டர்தான். அதனால் பல நேரம் கவ்விக்கொண்டு விடாமல் இருக்கும், உதறி எடுக்க வேண்டியிருக்கும். தடித்த காலணிக்கும் துணிக்கும் இந்தப் பல் திணறும் என்பதும் சரி.

ஆனால் ‘சட்டென்று உதறிவிட்டேன், ஒன்றும் ஏறியிருக்காது’ என்ற முடிவுக்கு வரக் கூடாது. நொடிப்பொழுதுக் கடியிலும் போதுமான விஷம் ஏறியதுண்டு. விரலிடுக்கு போன்ற மெல்லிய தோலில் பல்லுக்கு நீளம் தேவையில்லை. கடிவாயும் நம்பத்தக்க சாட்சி இல்லை: இரண்டு தெளிவான புள்ளி இருக்கலாம், சின்னக் கீறல் போல இருக்கலாம், ஒரு ரத்தப் புள்ளி மட்டும் இருக்கலாம், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியும் வரலாம். விஷம் ஏறாத கடியும் நிறைய உண்டு. எது எந்த வகை என்பதைக் கடித்த கணத்தில் யாராலும் சொல்ல முடியாது.

கடித்ததும் என்ன ஆகும்? வீங்குமா?

விரியன் கடித்த கையைப் பார்த்தவர்கள் எதிர்பார்க்கும் எதுவும் இங்கே இருக்காது. பெரிய வீக்கம் இல்லை, தோல் கறுப்பதில்லை, கொப்புளம் இல்லை, ரத்தம் நிற்காமல் வழிவதில்லை. லேசான வலி, கொஞ்சம் தடிப்பு, கடித்த இடத்தில் மரத்துப்போவது அல்லது ஊசி குத்துவது போன்ற உணர்வு. சிலருக்கு அதுவும் இல்லை.

வலிக்கு ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். டெக்சாஸ் பவளப் பாம்பு (மைக்ரூரஸ் டெனெர்) கடித்தவர்கள் பலர் கடும் வலி என்று சொல்வார்கள். வெளியே பார்த்தால் திசு சேதம் எதுவும் தெரியாது, ஆள் மட்டும் துடிப்பார். 2011-ல் அதன் விஷத்திலிருந்து எம்ஐடி-டிஎக்ஸ் என்ற ஒரு நச்சைப் பிரித்தெடுத்தார்கள். அமிலத்தன்மையை உணரும் நரம்பு முனைகளை அது நேராகத் திறந்துவிடுகிறது. அதாவது சேதம் இல்லாமலேயே, வலிக்கான கதவை மட்டும் தட்டுகிறது. விரியன் கடியோடு ஒப்பிட்டு ‘வீங்கவில்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு வலி’ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

விஷம் உடலுக்குள் என்ன செய்கிறது?

தசை அசைய வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து, தசையின் மேலுள்ள ஏற்பியில் போய் உட்கார வேண்டும். பவளப் பாம்பு விஷத்தில் இரண்டு பெரிய புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று ‘மூவிரல் நச்சுகள்’: மூலக்கூறின் வடிவம் மூன்று விரல் நீட்டியது போல இருப்பதால் அந்தப் பெயர். இவை அந்த ஏற்பியில் போய் அடைத்துக்கொள்ளும், சாவித் துவாரத்தில் வேறு சாவி உடைந்து மாட்டிக்கொண்டது போல. நரம்பு கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும், தசைக்குப் போய்ச் சேராது. இன்னொன்று பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 நொதிகள். இவற்றில் சில நரம்பு முனையையே தாக்கி அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கின்றன, சில தசை நாரைச் சிதைக்கின்றன.

எந்த இனத்தில் எது அதிகம் என்பது மாறும். கிழக்குப் பவளப் பாம்பில் பாஸ்ஃபோலிப்பேஸ் ஓங்கியிருக்கும். மீன் தின்னும் சூரினமென்சிஸில் மூவிரல் நச்சு ஓங்கியிருக்கும். இது ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. ஏற்பியை அடைக்கும் நச்சு நாளடைவில் விலகக்கூடியது. நரம்பு முனை சேதமானால் அது புதிதாக வளர்ந்தாக வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கும். ஒரே மருந்து ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

ரத்தம் உறைவதில் பொதுவாகக் கோளாறு வராது. ஆகவே உறைதல் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்து ‘விஷம் ஏறவில்லை’ என்று எழுதி அனுப்புவது தவறு.

அறிகுறிகள் எவ்வளவு நேரத்தில் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். சிலருக்குப் பல மணி நேரம் எதுவுமே தெரியாது. 12 மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு அதற்கப்புறம் தசை முடக்கம் தொடங்கியவர்கள் உண்டு. நடுவில் அந்த ஆள் சாப்பிடுவார், பேசுவார், ‘எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்’ என்பார். சோதிக்கும் மருத்துவருக்கும் குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் தொடங்கிவிட்டால் மூச்சுத் திணறல் வரைக்கும் போக அதிக நேரம் எடுக்காது. அதனால்தான் அறிகுறி இல்லாதவரையும் குறைந்தது 24 மணி நேரம், மூச்சுக் குழாய் பொருத்தும் வசதி உள்ள இடத்தில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

பாம்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்குக்கூட இந்த அமைதி கண்ணைக் கட்டிவிடும். பவளப் பாம்புகளை வகைப்படுத்துவதில் பல ஆண்டுகள் செலவிட்ட கார்ல் ஷ்மிட், 1957 செப்டம்பரில் சிகாகோவில் பாம்புக் கடியால் இறந்தார். கடித்தது பவளப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங். அதன் விஷம் ரத்தத்தைத் தாக்குவது, வழியே வேறு. ஆனால் குட்டிப் பாம்புதானே, லேசான கடிதானே என்று நினைத்து அறிகுறிகளைக் குறித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் உயிர் போய்விட்டது.

முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கண் இமையை. முகத்தில் இருக்கும் சிறு தசைகள்தான் முதலில் சோர்கின்றன. நோயாளியை மேலே, கூரையைப் பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். இமை மெல்ல இறங்கி வந்து கருவிழியை மூடத் தொடங்கினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். தூக்கக் கலக்கம் என்று உடன் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அடுத்து பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் ஒழுகும். குமட்டல், வாந்தி, தலைவலியும் சேரலாம்.

கழுத்தும் சீக்கிரம் தளரும். மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொன்னால் முடியாது. மூச்சுக்கு ஓர் எளிய சோதனை: நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வது. முதல் முறை 30 வரை எண்ணியவர் அரை மணி கழித்து 18-ல் நிற்கிறார் என்றால் எந்தக் கருவியும் சொல்வதற்கு முன்பே ஆபத்து தெரிந்துவிட்டது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இங்கே தாமதமாகவே எச்சரிக்கும். அதன் எண் குறையும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

உயிர் போவது எதனால்?

மூச்சுத் தசைகள் நின்றுபோவதால். அல்லது விழுங்க முடியாத எச்சிலும் வாந்தியும் நுரையீரலுக்குள் போய்விடுவதால். இதயத்தை விஷம் நேராக நிறுத்துவது மனிதர்களிடம் முக்கியக் காரணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுதாக முடங்கிக் கிடப்பவருக்கு நினைவு தப்பியிருக்கும் என்று எண்ணக் கூடாது. கண் திறக்காது, கூப்பிட்டால் அசையாது, கிள்ளினால் கை விலகாது. பார்ப்பவருக்கு மூளைச் சாவு போலவே தோன்றும். ஆனால் விஷம் முடக்கியது தசையை, மூளையை இல்லை. படுக்கையைச் சுற்றி நின்று பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வென்டிலேட்டரில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க வேண்டும்; என்ன நடக்கிறது, ஏன் அசைய முடியவில்லை, இது சரியாகிவிடும் என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டும்.

முதலுதவி என்ன?

பாம்பிடமிருந்து விலகுங்கள். கடிபட்ட கையில் மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள். கையையோ காலையோ அசைக்காமல் தாங்கி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கடிபட்டவர் வண்டி ஓட்டக் கூடாது, வழியில் பார்வை இரண்டாகப் பிரிந்தால் விபத்துதான். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், விழுங்கும் திறன் எப்போது போகும் என்று தெரியாது. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம்.

அகலத் துணியால் கை முழுவதையும் அழுத்திச் சுற்றி, பலகை வைத்து அசையாமல் கட்டும் முறை ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. நிணநீர் வழியாக விஷம் பரவுவதைத் தாமதப்படுத்துவதே நோக்கம். பவளப் பாம்பு விஷம் அந்த இடத்துத் திசுவைப் பெரிதாகச் சிதைப்பதில்லை என்பதால், கட்டினால் கெடுதல் குறைவு, பலன் இருக்கலாம் என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை: கட்டத் தெரிந்திருக்க வேண்டும், கடித்தது பவளப் பாம்புதான் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. விரியன் வகை கடித்த கையை இப்படி அழுத்திக் கட்டினால் சேதம் ஓரிடத்தில் குவியும். இந்த முறையைத் தேடிப் படித்துக்கொண்டு அரை மணி போக்குவதைவிட வண்டி ஏறுவது மேல்.

கடிபட்ட எல்லாருக்கும் விஷமுறிவு மருந்து கொடுப்பார்களா?

இதில் மருத்துவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. பழைய வழக்கம்: கடித்தது உறுதி என்றால் அறிகுறி வரும் முன்பே கொடுத்துவிடுவது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்பில் போய் உட்கார்ந்த பிறகு அதைப் பிடுங்கி எடுப்பது கடினம். அதனால் முந்திக்கொள்வதே புத்தி என்பது அவர்கள் கணக்கு. புதிய போக்கு: பாதிப் பேருக்கு விஷமே ஏறாதிருக்கும்போது குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த மருந்தை (சீரம்) எல்லாருக்கும் ஏற்றி ஒவ்வாமையை ஏன் வரவழைக்க வேண்டும், நெருக்கமாகக் கவனித்து முதல் அறிகுறியில் கொடுக்கலாமே என்பது.

எனக்கு இரண்டாவது போக்கு சரியாகப் படுகிறது, ஆனால் ‘நெருக்கமாகக் கவனித்து’ என்பது நிஜமாகவே நடக்கும் இடத்தில் மட்டும். இரவில் மணிக்கொரு முறை வந்து இமையைப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் பழைய வழக்கமே பத்திரம்.

அமெரிக்காவில் ஆரம்ப அளவு 3 முதல் 5 குப்பி, சிரை வழியாக. சிறுவர்களுக்கு எடை பார்த்து அளவைக் குறைப்பதில்லை. ஏறிய விஷம் உடல் சிறியது என்பதற்காகக் குறைவதில்லை அல்லவா. ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் அது சீரத்தால் வருவது, அதற்கு வேறு மருந்து உண்டு.

சாதாரணப் பாம்பு மருந்து எதுவும் இதற்கு வேலை செய்யாது. கண்ணாடி விரியன், கிலுகிலுப்பை விரியன் போன்றவற்றுக்கான மருந்து வேறு, இது வேறு. பவளப் பாம்புக்குள்ளேயும் இனம் மாறினால் பலன் மாறும்: அமெரிக்க மருந்து சொனோரா வகைக்குப் பலிக்காது. நல்லவேளையாக அந்தச் சிறிய பாம்பு கடித்து மனிதர் இறந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிலேயே இந்த மருந்து கிடைக்காமல் போனது என்கிறார்களே?

ஆமாம், கிட்டத்தட்ட அப்படி ஆனது. வைத் நிறுவனத்தின் மருந்துக்கு 1967-ல் அனுமதி கிடைத்தது. ஆண்டுக்குச் சில டஜன் பேருக்கு மட்டும் தேவைப்படும் மருந்தில் எந்தக் கம்பெனிக்கு லாபம் வரும்? 2000களின் தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தி, கையிருப்பை வைத்து ஓட்டினார்கள். அதன் காலாவதி 2008-ல் முடிந்தபோது, மருந்து இன்னும் வீரியத்தோடு இருக்கிறதா என்று சோதித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தேதியை ஆண்டாண்டாக நீட்டித்துக்கொண்டே போனது. நிறுவனம் ஃபைசருக்குக் கைமாறிய பிறகுதான் மீண்டும் தயாரிப்பு தொடங்கியது.

விஷத்தைச் சேகரிப்பதே பெரும் பாடு. ஒரு பாம்பிடமிருந்து சில மில்லிகிராம்தான் வரும். கூண்டில் வளர்ப்பதும் கடினம், பாம்பையும் பல்லியையும் தின்னும் பிராணிக்கு எலியைக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. பிரேசிலில் 1901-ல் தொடங்கிய புட்டான்டான் நிறுவனம், கோஸ்டா ரிகாவின் க்ளோடோமிரோ பிகாடோ நிறுவனம் போன்ற அரசு, பல்கலைக்கழக அமைப்புகள் விடாமல் தயாரித்து வருவதால்தான் லத்தீன் அமெரிக்காவில் இந்த மருந்து இருக்கிறது.

மருந்தே கிடைக்காவிட்டால் பிழைக்க முடியுமா?

முடியும். இந்த விஷம் மூச்சை நிறுத்துகிறது. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டால் உடல் தானாக மீளும். சரியான நேரத்தில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தவர்கள் மருந்து இல்லாமலும் எழுந்து நடந்திருக்கிறார்கள், நாட்களும் வாரங்களும் ஆனாலும். மருந்துக்காகத் தொலைதூர ஊருக்கு அனுப்பும்போது வழியில் மூச்சு நிற்கலாம். ஆகவே எச்சில் விழுங்க முடியாத நிலை தொடங்கிவிட்டால் முதலில் குழாய், அப்புறம் பயணம்.

நியோஸ்டிக்மின் என்ற மருந்தும் சிலருக்குக் கைகொடுக்கும். அசிட்டைல்கோலின் சிதையாமல் காத்து அதன் அளவைக் கூட்டும். விஷம் ஏற்பியை மட்டும் அடைக்கும் இனங்களில், முக்கியமாக பிரேசிலின் மைக்ரூரஸ் ஃப்ரன்டாலிஸ் கடியில், சரிந்த இமை சிறிது நேரத்தில் உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நரம்பு முனையே சேதமாகியிருந்தால் பலன் இருக்காது. அட்ரோப்பின் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இதயத் துடிப்பு இறங்கிவிடும்.

ஆசியப் பவளப் பாம்புகள் எப்படி?

பெரும்பாலும் மெலிந்தவை, கூச்ச சுபாவம், மனிதர் கண்ணில் அரிதாகவே படுபவை. இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் காலியோஃபிஸ் மெலனூரஸ் சுமார் ஒரு அடி நீளம், பென்சிலைவிட மெல்லியது. தலை கறுப்பு, உடல் பழுப்பு, வாலில் இரண்டு கறுப்பு வளையம். மிரண்டால் வாலைச் சுருட்டி நீல நிற அடிப்பக்கத்தைக் காட்டும். இந்தியாவில் கிடைக்கும் பன்முக விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. பவளப் பாம்பு அதில் இல்லை. கடித்தால் கண்காணிப்பும் மூச்சுக்கு ஆதரவும்தான் சிகிச்சை.

தென்கிழக்கு ஆசியாவின் நீலப் பவளப் பாம்பு (காலியோஃபிஸ் பைவர்கேட்டஸ்) இந்தச் சாதுக் கூட்டத்தில் சேராது. ஒன்றரை மீட்டர் வரை வளரும். கருநீல உடல், சிவந்த தலையும் வாலும். விஷச் சுரப்பி தலையோடு நிற்காமல் உடலின் கால்வாசி நீளத்துக்கு உள்ளே ஓடுகிறது. மற்றப் பாம்புகளைத் தின்பது அதன் வழக்கம். 2016-ல் அதன் விஷத்தில் காலியோடாக்சின் கண்டறியப்பட்டது. தசையைத் தளர்த்துவதற்கு நேர்மாறாக, நரம்பின் சோடியம் வாசலை மூட விடாமல் செய்து தசைகளை விறைக்க வைக்கும் நச்சு அது. இரை தப்பித் திரும்பிக் கடிக்கும் முன் மடக்கிவிட இந்த வேகம் தேவைப்படுகிறது போலும்.

எத்தனை பேர் இறக்கிறார்கள்?

மிகக் குறைவு. பவளப் பாம்பு வாழும் நாடுகளிலும் மொத்தப் பாம்புக் கடிகளில் இதன் பங்கு ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. பிரேசிலில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. விஷமுறிவு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் கடிபட்டவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மருந்து வந்த பிறகு அமெரிக்காவில் பதிவான முதல் மரணம் 2006-ல், ஃபுளோரிடாவில். கடிபட்டவர் மருத்துவமனைக்கே போகவில்லை. சில மணி நேரத்தில் இறந்துபோனார்.

பிழைத்தவர் முழுதாகக் குணமாவாரா?

பெரும்பாலும் ஆவார். முதலில் கெட்ட இமையும் கண்ணசைவும் மெதுவாகத் திரும்பும். கை கால்களின் பலவீனம் சில வாரங்கள் இழுக்கலாம், அந்த நாட்களில் பிசியோதெரபி தேவைப்படும். தசை சிதைந்திருந்தால் ரத்தத்தில் சிகே (தசையிலிருந்து கசியும் ஒரு நொதி) அளவு ஏறியிருக்கும், சிறுநீர் கருத்துப் போகலாம். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். கடிவாயில் மரத்துப்போன உணர்வு கொஞ்ச காலம் நிற்பதாகச் சிலர் சொல்வார்கள்.

நாயைக் கடித்தால்?

உடனே கால்நடை மருத்துவரிடம். கிழக்குப் பவளப் பாம்பின் விஷம் நாயிடம் தசையை முடக்குவதோடு ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும்; சிறுநீர் சிவந்து போகும். மனிதருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வருவதில்லை.

பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்குமா?

வேண்டாம். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும், தலையும் சில வளையங்களும் தெரிய வேண்டும். அதற்குள் பாம்பு ஓடிவிட்டால் விடுங்கள். நிறமும் வளைய வரிசையும் நினைவிருக்கும்போதே கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் உங்களுக்கு நாக்கு குழறலாம். அடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். துண்டான தலைகூடச் சில நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கும், விஷமும் இறங்கும்.